ஒரே ஒரு தும்மல்

தும்மியது ஒரு தடவைதான். அதுகூடத் தும்மல்தானா என்று முனீஸ்வரிக்கு நிச்சயமில்லை. ஆட்டோவை விட்டு இறங்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் காலை வெயில் மூஞ்சியில் அடித்தது, வெயில் அடித்தால் எந்தப் பிள்ளையும் தும்மும், பஸ் புகைக்குத் தும்மும், சேலை முந்தி மூக்கில் உரசினால் தும்மும், தும்மினதெல்லாம் சளியாகிவிடுமா என்ன. மூன்றாவது மாடிக்கு வந்து சேர்கிறவரை இதையே தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, பதினோரு மாதத்து மகிழினியை மடியில் கிடத்தி, துணியை விலக்கிப் பார்த்தபோது இடது மூக்கின் ஓரத்தில் ஒரு சொட்டு நின்றது. தண்ணீர் மாதிரி, கண்ணாடி மாதிரி. அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. கட்டைவிரலால் ஒற்றி எடுத்து, விரலைச் சேலைக்குள் விட்டு உள்பாவாடையில் துடைத்தாள். வெட்டிப்போட்டவள் அரிவாளைத் துடைக்கிற மாதிரி துடைத்தோமே என்று உடனே தோன்றியது. யாரை வெட்டினோம், யாரையும் வெட்டவில்லை, நாளைக்குக் காலை ஏழு மணிக்கு இந்த நெஞ்சைத்தான் வெட்டப்போகிறார்கள், நடு எலும்பை ரம்பத்தால் அறுத்து, இரண்டு பக்கமும் விரித்து, இதயத்தை நிறுத்திவைத்து, உள்ளே இருக்கிற ஓட்டையில் ஒட்டுப் போட்டுத் தைக்கப்போகிறார்கள். பெற்ற பிள்ளையின் நெஞ்சை அறுக்க ஒரு நாள் குறித்துக் கொடுங்கள் என்று ஆறு மாதமாக ஆள் ஆளாகக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். கிடைத்துவிட்டது. கீழே ரத்த வங்கியில் அவள் புருஷன் சோலையப்பன், நூல்மில்லில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேரைக் கூட்டிவந்து படுக்கவைத்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். மயக்க டாக்டர் ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி. அந்த டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். சளி இருக்கா?

இருந்தால் நாளைக்கு இல்லை. இருந்தால் மறுபடி ஆறு வாரம், அந்த ஆறு வாரம் முடிந்தால் வரிசை எங்கே நிற்கிறதோ. ஓட்டை வழியாக வேண்டாத ரத்தமெல்லாம் நுரையீரலுக்குப் போய்ப் போய் அங்கே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் ஆபரேஷனே செய்யமுடியாது என்று பெரிய டாக்டர் பேனாவால் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஆறு வாரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா. போன தடவையும் நாள் குறித்திருந்தார்கள். ஐந்தாவது மாதம். அதற்கு ஆறு நாள் முன்னால் பிள்ளை பால் குடிக்கும்போது பாதியில் வாயை எடுத்தது, எடுத்து மூச்சு வாங்கியது, மறுபடி வாய் வைத்தது, மறுபடி எடுத்தது. சாயங்காலத்துக்குள் விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே உள்ளே இழுத்தது, யாரோ வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு கயிறு கட்டி இழுக்கிற மாதிரி. மூக்கு விடைத்தது. உதடு ஈயம் மாதிரி ஆனது. வைரஸ் என்றார்கள். பெரியவர்களுக்கு வந்தால் தொண்டை கரகரத்து மூன்று நாளில் போய்விடுகிற வைரஸ். நல்ல பிள்ளைக்கு வந்தால் நாலு நாள் இருமல். இந்த மாதிரிப் பிள்ளைக்கு நுரையீரல் ஏற்கெனவே நனைந்த பஞ்சு, அதில் இதுவும் புகுந்து குழாயெல்லாம் அடைத்துவிட்டால் மூச்சு விடுகிறதே மண் சுமக்கிற வேலை, இதயம் எவ்வளவுதான் அடிக்கும் என்றார் அங்கே இருந்த சின்ன டாக்டர். பதினேழு நாள் வெண்டிலேட்டர். வாய்க்குள் குழாய். கை இரண்டையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள், பிடுங்கிவிடக்கூடாதாம். அழுவாள், வாய் கிழிகிற மாதிரி திறக்கும், முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் மட்டும் வராது. குழாய் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தால் சத்தம் எப்படி வரும். சத்தமில்லாமல் அழுகிற பிள்ளையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சளியைப் பெயர்க்க ஒருத்தன் வருவான், உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி குவித்து முதுகில் தட்டுவான், தட்டுத் தட்டென்று, நாலரைக் கிலோ உடம்பு ஒவ்வொரு தட்டுக்கும் துள்ளும். அவன் நல்லவன். வேலைக்கு முன்னால் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவான். அந்தக் கையைக் கடித்துச் சதையைத் துப்பவேண்டும் என்று பதினேழு நாளும் அவளுக்கு இருந்தது.

இந்தத் தடவை விடக்கூடாது என்றுதான் வீட்டைக் கோட்டை மாதிரி வைத்திருந்தாள். கதவைத் தாண்டி யாரும் வரக்கூடாது. மாமியார் கடைக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே. சோலையப்பன் மில்லிலிருந்து வந்து ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தூரத்தில் நின்று மகளைப் பார்ப்பான். அப்படி இருக்கையில்தான் பத்து நாள் முன்னால் நிகிதா வந்தாள். அடுத்த தெருவில் இருக்கிற நாத்தனார் கலைவாணியின் மகள், ஐந்து வயசு. முனீஸ்வரி கொடியில் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் அது தொட்டிலுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து பாப்பாவின் கையை எடுத்து வாயில் வைத்து முத்திக்கொண்டிருக்கிறது. மூக்குக்குக் கீழே காய்ந்துபோன ஒரு கோடு. அதற்குப் பிறகு நடந்ததை முனீஸ்வரியின் கை செய்தது. சடையைப் பிடித்துத் தூக்கியது கை. கன்னத்தில், முதுகில், மறுபடி கன்னத்தில். பிள்ளை அழக்கூட மறந்து "அத்தை, அத்தை" என்றது. அப்புறம் தள்ளியது. தள்ளிய வேகத்தில் நிலைப்படியில் நெற்றி மோதிய சத்தம், தேங்காயைத் தரையில் வைத்தால் கேட்குமே, பெரிய சத்தமில்லை, சின்னதாக, டொக் என்று. நாலு தையல். கலைவாணி வாசலில் நின்று, "மதினி, உங்க புள்ளைக்கு நெஞ்சுல ஓட்டைன்னா எம் புள்ளைக்கு நெத்தியில ஓட்டை போடுவீகளா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். "போன தடவை பாப்பாவச் சாகக் கெடத்தினது உம் மகதான்டி" என்று மாமியார் பெற்ற மகளையே விரட்டினாள். முனீஸ்வரி பேசவில்லை. அப்போதும் பேசவில்லை, போன தடவையும் பேசவில்லை. போன தடவை எல்லோரும் நிகிதா, நிகிதா என்றபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள், அழுகிறாள் என்று நினைத்தார்கள். நிகிதாவுக்குச் சளி பிடித்தது புதன்கிழமை. அருப்புக்கோட்டையில் சித்தி மகள் கல்யாணத்துக்கு, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நாலு மணி நேரம் இவள் போய்வந்தது ஞாயிற்றுக்கிழமை. பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, அக்காமாரோடு தோளில் தோள் இடித்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு. திங்கட்கிழமை இவளுக்குத் தொண்டை கரகரத்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணத்துக்கு ஏன் போனாய் என்பார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். தான் கடித்த பிஸ்கட்டில் பாதியை நிகிதாவுக்கும் கொடுத்தாள். ஞாயிறு, திங்கள், புதன். எத்தனை தடவை எண்ணினாலும் புதனுக்கு முன்னால் திங்கள்தான் வருகிறது. அந்தச் சின்ன நெற்றியில் இருக்கிற தையல் யாருக்கு விழவேண்டியது.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். முனீஸ்வரியின் முதுகுத்தோல் சுருங்கியது. மறுபடி இருமல், ஈரமாக, அடிவயிற்றிலிருந்து. திரும்பிப் பார்த்தாள். வேட்டி கட்டிய ஒரு பெரியவர், யாருக்கோ துணைக்கு வந்தவர், முகத்தில் மாஸ்க் இல்லை, வாயைக்கூடப் பொத்தவில்லை. "ஐயா, அங்குட்டுப் போயி இருமுங்க." "ஒண்ணுமில்லம்மா, இது பீடி இருமல். ஒட்டாது." "ஒட்டுதோ ஒட்டலையோ, எந்திரிங்க. கைப்புள்ளைக இருக்குல்ல." "முட்டி வலிம்மா. ஒரு எடத்துல உக்காந்தா எந்திரிக்க முடியாது." அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறுபடி இருமல் வந்தது. அந்தக் காற்று பறந்து வருவது அவளுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரிந்தது என்று சத்தியம் செய்வாள், தூசி மாதிரி, கொசுக்கூட்டம் மாதிரி, நேராகத் தன் மடியைப் பார்த்து. எழுந்தாள். பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் அவர் காலடியில் இருந்த கட்டைப்பையைத் தூக்கி மாடிப்படியைப் பார்த்து வீசினாள். தூக்குவாளி உருண்டு படி படியாகச் சாம்பார் இறங்கியது. "எந்திரிய்யா! எந்திரிச்சுப் போயிரு! எம் புள்ள செத்தா நீ குடுப்பியா? கழுத்த நெரிச்சுருவேன், போயிரு!" தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. காவலாளி ஓடிவந்தான். பெரியவர் நாற்காலிக் கையைப் பிடித்து, கால் நடுங்க, எழுந்தார். கோபப்படவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், முட்டியைத் தேய்த்துக்கொண்டே படியில் இறங்கினார். கொலை செய்திருப்பேன், உண்மையாகவே செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். மடியில் மகிழினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது மூக்கில் மறுபடி ஒரு சொட்டு.

"நல்லாக் கேட்டீங்கக்கா" என்று பக்கத்து நாற்காலிக்காரி சொன்னாள். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. ராஜபாளையம் பக்கம், பெயர் செண்பகம், மடியில் இரண்டரை வயசுப் பெண், பூர்விகா. அந்தப் பிள்ளையின் உதடும் நகமும் நாவல்பழம் தின்றது மாதிரி நீலமாக இருந்தன. "இவளுக்கும் நெஞ்சுலதான். நாலு கோளாறு சேந்து இருக்குன்னாக. பத்து எட்டு நடந்தாக் குத்தவச்சு உக்காந்துக்கிருவா, மூச்சு வாங்கும். எங்களுக்கு இன்னும் நாள் கெடைக்கல. யாராச்சும் வரலைன்னா, காய்ச்சல் கீய்ச்சல்னு தள்ளிப்போச்சுன்னா அந்த எடத்துல போடுறோம்னு சொல்லிருக்காக. இது அஞ்சாவது தடவை வாரோம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்களச் சொல்லலக்கா." அவள் பேசிக்கொண்டிருக்கையில் பூர்விகா குனிந்து மகிழினியின் விரலைப் பிடித்துக்கொண்டது. மகிழினி சிரித்தாள். அந்த நீல முகத்துக்கும் இந்த மூக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கையைப் பிடித்து இழு, இழுத்துவிடு என்று ஒரு குரல் முனீஸ்வரிக்குள் கத்தியது. இழுத்தால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் என்ன சொல்வது. பீடி இருமலுக்கு ஒரு கிழவனைப் படியில் விரட்டியவள், மடியில் எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெயில் பட்டால் தும்மும். புகை பட்டால் தும்மும். சொட்டு என்பது சளியா, பல் முளைக்கிற பிள்ளைக்கு வாயும் மூக்கும் ஒழுகத்தானே செய்யும். அவள் இழுக்கவில்லை. பூர்விகா அந்த விரலைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டது. பதினாலாம் நம்பரை, முனீஸ்வரியின் நம்பரை, கூப்பிட்டார்கள்.

மயக்க டாக்டர் நடு வயசு அம்மா, மூக்குக்கண்ணாடி, குளிர்ந்த கை. கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "சளி?" "இல்ல." "இருமல்?" "இல்ல." "காய்ச்சல்?" "இல்லைங்க மேடம்." "தும்மல், மூக்கு ஒழுகுறது, எதாவது?" கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு கிணறு இருந்தது, முனீஸ்வரி அதில் விழுந்துகொண்டே இருந்தாள், பட்டுச்சேலை, ஞாயிற்றுக்கிழமை, உப்புத் தண்ணீர், கட்டிவைத்த கை. "இல்ல" என்றாள். "வீட்டுல யாருக்காவது?" "இல்ல." ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெஞ்சிலும் முதுகிலும் கேட்டார். "நெஞ்சு சுத்தமா இருக்கு" என்றார். பேனா காகிதத்தில் ஓடியது. அவ்வளவுதான். வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள், "சரின்னுட்டாகளாக்கா?" என்று கேட்டாள், முகம் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்துபோன பூர்விகா பாதி வழியில் முழங்காலை மடக்கிக் குத்தவைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. அப்போது மகிழினி தும்மினாள். வெயில் இல்லை. புகை இல்லை. சேலை உரசவில்லை. ஒன்று, அப்புறம் தொடர்ந்து இன்னொன்று, தும்மி முடித்து லேசாக, பூனை கனைக்கிற மாதிரி, இருமினாள். அந்த இருமலை முனீஸ்வரிக்குத் தெரியும். ஆறு மாதம் முன்னால் கேட்ட இருமல். அதே இருமல். இதை வைத்துக்கொண்டுதான் நாளைக்கு நெஞ்சைத் திறப்பார்கள்.

திரும்பி ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. "அடுத்த ஆளு உள்ள இருக்காங்கம்மா, உங்களத்தான் பாத்தாச்சுல்ல" என்று நர்ஸ் குறுக்கே கை நீட்டினாள். முனீஸ்வரி அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கதவை முஷ்டியால் குத்தினாள், குத்தினாள், விரல்முட்டியில் தோல் உரிகிறவரை குத்தினாள். கதவு திறந்தது. "பொய் சொல்லிட்டேன் மேடம். சளி இருக்கு. காலையிலேருந்து மூக்கு ஒழுகுது. தொடச்சுத் தொடச்சு மறச்சேன். இப்ப இருமுறா." சொல்லிவிட்டு அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, நீளக் குச்சியை மகிழினியின் மூக்கில் விட்டுச் சுழற்றி எடுத்தார். பிள்ளை வீறிட்டது. அப்புறம் சொன்னார், "நெஞ்சத் தெறந்து மெஷின்ல போடுறதே நுரையீரலுக்கு அடி விழுற மாதிரிம்மா. இந்தக் கிருமியும் உள்ள இருந்துச்சுன்னா அது தாங்காது. தெரியாமப் பண்ணிருந்தா நாளைக்கு நான் இவள ஒங்க கையில திருப்பிக் குடுத்திருக்க மாட்டேன்." முனீஸ்வரி தலையாட்டினாள். ஒரு மணி நேரம் தனியாக ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் பல் முளைக்கிறதாக இருக்கட்டும், பல்லாக இருக்கட்டும் என்று அவள் பிள்ளையின் ஈறைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஈறு வழவழவென்றுதான் இருந்தது. நர்ஸ் வந்து, போன தடவை வந்த அதே வைரஸ் என்றாள். ஆறு வாரம் தள்ளி. இப்போதைக்குத் தனி வார்டில் அட்மிஷன், மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

சோலையப்பன் போன் செய்தான். "ரத்தம் குடுத்தாச்சு புள்ள. என்ன சொன்னாக?" "தள்ளிப்போச்சு." "என்னாது?" "சளி இருக்குன்னு நான்தான் சொன்னேன்." எதிர்முனையில் எதையோ ஓங்கி உதைக்கிற சத்தம் கேட்டது, இரும்பு நாற்காலியாக இருக்கும். "ஒனக்குக் கிறுக்காடி? ஆறு மாசம்டி! எவளாச்சும் வாயத் தெறப்பாளா?" அவன் கத்தி முடிக்கிறவரை காதில் வைத்திருந்தாள். "இன்னொண்ணும் சொல்லணும். போன தடவை நிகிதா இல்ல. நான்தான். கல்யாணத்துக்குப் போயிட்டு நான்தான் கொண்டாந்தேன். எனக்குத்தான் மொதல்ல தொண்ட கட்டுச்சு." கத்தல் நின்றது. "அந்தப் புள்ள மண்டையப் பொளந்தியேடி" என்றான், கோபம் இல்லாத குரலில், புரியாதவன் மாதிரி. போன் அணைந்துவிட்டது. அவன் அணைத்தானா, தன் விரல் பட்டதா, தெரியவில்லை.

தனி வார்டுக்குக் கூட்டிப்போக நர்ஸ் சக்கர நாற்காலி கொண்டுவரப் போயிருந்த நேரம். நடையின் அந்தக் கோடியிலிருந்து செண்பகம் ஓடிவந்தாள். இடுப்பில் பூர்விகா, கண்ணெல்லாம் தண்ணீர். "அக்கா! நாளைக்கு எங்களக் கூப்புட்டுருக்காகக்கா! யாருக்கோ தள்ளிப்போச்சாம், அந்த எடத்துல..." முனீஸ்வரிக்கு அந்த நொடி அவள் மயிரைப் பிடித்துச் சுவரில் மோதவேண்டும் போல் இருந்தது. அந்த ஆசை வந்த வேகத்திலேயே இன்னொன்று வந்து அதை மிதித்தது. "கிட்ட வராத!" என்று கத்தினாள். செண்பகம் நின்றாள். "தள்ளிப்போனது எனக்குத்தான். எம் புள்ளைக்கு வைரஸ். காலையில ஒம் மகளோட வெளாண்டப்பவே இருந்துச்சு. தெரிஞ்சுதான் இருந்தேன். ஒம் மக இவ வெரலப் புடிச்சுக் கன்னத்துல தேச்சா. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." செண்பகத்தின் முகத்தில் அது இறங்க நேரமானது. இடுப்பில் இருந்த பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தாள், நீல உதட்டைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டு வந்து ஓங்கி ஓர் அறை விட்டாள். முனீஸ்வரியின் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்பு. கையில் இருந்த மகிழினியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, தன் முதுகை வெளியே காட்டி நின்றுகொண்டாள். பிள்ளையின் மூச்சு சுவரில் பட்டுத் திரும்பி அவள் கழுத்தில் சுட்டது. முதுகில் இரண்டாவது அடி விழுந்தது. பின்னால் செண்பகத்தின் மூச்சு இரைந்தது, தரையில் நின்ற பூர்விகா வீல் என்று அழுதது.

"சோப்புப் போட்டு மொதல்ல அவ கையக் கழுவு" என்றாள் முனீஸ்வரி, சுவரைப் பார்த்தபடியே. "மூஞ்சியவும் கழுவு. டாக்டர்ட்ட ஒண்ணுவிடாம எல்லாத்தயும் சொல்லு. சொல்லிட்டு வந்து இன்னும் அடி."